ஐந்து வோல்ட்டுக்குத் தனிச் சுற்று

போன கிழமை கொழும்பு மருதானையில் ஒரு கடைக்காரர் தீப்பெட்டி அளவுப் பவர் சப்ளை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஐந்து வோல்ட், பிளஸ் பன்னிரண்டு, மைனஸ் பன்னிரண்டு, மூன்றும் அதிலிருந்தே வருமாம். எடுத்து மோந்து பார்த்தேன். அந்தக் கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. கையால் சுற்றிய கம்பியின் வார்னிஷ் மணம் இல்லை. யோகனின் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும்.

யுத்த காலம். கொழும்பில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வெளிநாட்டுப் பவர் சப்ளை பழுதானால் புதிது வராது. நாங்களே செய்வோம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். நான் வரைந்த முதல் பெட்டியோ, பத்து நிமிடத்தில் முட்டை பொரிக்கலாம் போலக் கொதித்தது. ட்ரான்ஸ்ஃபோமர் சுற்றித்தர நாட்சம்பளத்துக்கு வந்த யோகன்தான் பிழையைக் கண்டார். மலையகத் தேயிலைத் தோட்டத்துக்காரர், கொழும்பில் ஜிந்துப்பிட்டியில் குடியிருந்தார்.

"பன்னெண்டுக்குச் சுத்துன அதே கம்பியிலயிருந்து அஞ்சு எடுக்குறீங்க அண்ணே. மிச்சமெல்லாம் சூடாத்தான் போவும். அஞ்சுக்குத் தனியா சுத்தித் தாரேன்."

தந்தார். சூடு அடங்கியது. வெப்பம் தணிக்கும் பெரிய தகடு தேவைப்படாததால் பெட்டி சோற்றுப் பெட்டி அளவுக்குச் சுருங்கியது. ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம் என்று நான் பூரித்ததை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

மூடி பொருத்த மருதானைப் பட்டறைக்கு அதைக் கொண்டுபோனார் யோகன். பஸ்ஸை மறித்த பொலிஸ்காரர் பையைத் திறந்து, "மே மொகக்த?" என்றார். இது என்னவென்று யோகன் சிங்களத்தில் விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. செம்புக் கம்பி, வயர், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். குண்டுக்கான சாமான் என்று அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் அவர் மனைவி பரிசோதனைக் கூட வாசலில் நின்றார். "ஆபீஸ் கடுதாசி ஒன்னு குடுத்தா விட்டுருவாங்களாம்."

எங்கள் தலைவர் வெள்ளவத்தையில் இருந்த யாழ்ப்பாணத்தார், என்னைப் போலவே. "அவன் எங்கட ஸ்டாஃப் இல்லை தம்பி, டெய்லி பே. நான் ஏன் கையெழுத்து வைச்சு மாட்டுப்பட?"

"சேர், அது எங்கட பெட்டி. நான் கீறினது."

"அப்ப நீர் போய்ச் சொல்லும்."

வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். சீல் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சீல் தலைவரின் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தது. மூன்று தரம் கெஞ்சினேன். மூன்று தரமும் திறப்பைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எட்டு மாதம். பிறகு குற்றம் ஒன்றுமில்லை என்று விட்டார்கள். அதற்குள் அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று செய்யச் சொன்னார் தலைவர். செய்துகொடுத்தேன். வேலையை விட்டெறிந்துவிட்டு வந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான், ஆனால் பொய். ஒரு கண்காட்சியில் அதற்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதி வைத்துக்கொண்டு நின்றார் மனிதர்.

யோகனைப் போய்ப் பார்த்தபோது அவருக்கு வலக்கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. தேத்தண்ணியை இடக்கையால் நீட்டினார்.

"நீங்களாவது வந்து சொன்னீங்களே அண்ணே."



இப்போது பஸ்ஸை மறிப்பதற்கு யாரும் இல்லை. பரிசோதனைக் கூடம் இருந்த இடத்தில் அடுக்குமாடி. தலைவரின் மரண அறிவித்தலில் 'பண்பாளர்' என்று போட்டிருந்தார்கள். பத்திரிகையைக் கிழித்தெறிந்தேன். யோகனைத் தேடிப் போனேன். ஜிந்துப்பிட்டி வீட்டில் வேறு ஆட்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன்.

"தோட்டத்துக்கே போயிட்டாங்க."

"எந்தத் தோட்டம்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னுட்டுத்தான் போனாரு."