அண்ணன் எழுதாமல் விட்ட ஒரு கட்டம்

அண்ணனின் கருமக்கிரியைக்கு வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கு அவருடைய தங்கையின் வணக்கம். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

அண்ணன் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்து, அம்மாவோடு மரம் சீவி எங்களை வளர்த்தார். பிறகு ஆற்று இலாகாவில் வேலை கிடைத்தது. ஆற்றில் நட்டிருந்த அளவுப் பலகையில் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று காலையும் மாலையும் பார்த்து, புத்தகத்தில் எழுதி, ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். தன் கல்யாணத்தன்றும் மாலையும் கழுத்துமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பொண்ணு ஓடிடாது, தண்ணி ஓடிடும் லா!" என்றார். பந்தலே சிரித்தது.

அவர் எழுதிய அத்தனை புத்தகங்களிலும் ஒரே ஒரு கட்டம் காலி. அதற்காக ஆபீசிலிருந்து கண்டிப்புக் கடிதம் வந்தது. குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்று நம் சொந்தத்திலேயே பேசினார்கள். துக்க வீட்டிலும் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று ஆயுத பூசை. என் பால்வெட்டுக் கத்திக்கும் அண்ணன் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தேன். அவருக்குச் சோறு போடுகிற பலகையை விட மனம் வரவில்லை. அவர் மாலை அளவு எழுதிவிட்டு வந்ததும், அவருக்குத் தெரியாமல் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய், மழையில் கரையாதபடி மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பலகை முழுக்கப் பூசிவிட்டேன். மறுநாள் விடியும்போது ஆறு கலங்கி ஏறிக்கொண்டிருந்தது. பலகையில் ஓர் எண்ணும் தெரியவில்லை.

"ஏதாச்சும் ஒரு நம்பர போட்டுடுங்க அண்ணே! உள்ள இறங்காதீங்க!" என்று கத்தினேன்.

"பாக்காத தண்ணிய எப்படி தங்கச்சி எழுதுறது? கீழ ஆத்தோரக் கம்பத்து ஊர்சனம் இந்த நம்பரத்தானே நம்பியிருக்கு."

இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். மார்பளவுத் தண்ணீரில் நின்று தன் சட்டையால் தேய்த்தார். எண் தெரிவதற்குள் ஏழரை மணி. அந்த அளவை எழுதி, போன் செய்தார். கம்பத்து சனம் பிள்ளைகுட்டிகளோடு மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். வழக்கமாக எழுதுகிற காலை ஆறரை மணிக் கட்டம் மட்டும் காலியாகவே நின்றது.

விசாரணையில் "என் தவறு" என்று எழுதிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் ஆயுத பூசைக்கு மட்டும், "பலகைக்குப் பின்பக்கமா பொட்டு வையி" என்றார்.

கடைசி நாட்களில், ஈப்போ ஆஸ்பத்திரியில், மருந்துத் தண்ணீர் பாட்டிலின் கோடுகளைப் பார்த்து, "எவ்ளோ இறங்கியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இப்பவாச்சும் நான்தான் பூசினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன் அண்ணே."

"நான் போனப்புறம் சொல்லு. இப்ப சொன்னா உனக்கும் லெட்டர் வரும் லா."

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டு போன அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த தோட்டத்துக் கூட்டாளிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது. இனி யாராவது அந்தக் காலிக் கட்டத்தைப் பேசினால், அது அவர் தங்கையுடையது என்று சொல்லுங்கள்.