குவாண்டம் கம்ப்யூட்டரும் கல்யாணில் இருந்த மூன்றாவது சாவியும்

இன்று காலை மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தபோது இசக்கி ஓடி வந்தான்.

(இசக்கி தாராவியில் என்னோடு வளர்ந்தவன். குர்லாவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வீடியோவில் எவன் எதைச் சொன்னாலும் நம்புவான்.)

"ஏல சுடல, நம்ம பிட்காயின் வெளிய வந்துரும்ல! குவாண்டம் கம்ப்யூட்டர் வருதாம். கிரிப்டோ பூட்டு பூராத்தையும் ரெண்டே நிமிஷத்துல உடைச்சிருமாம். செல்வத்துக்கிட்ட போயி நிக்கவே வேண்டாம்!"

கதை தெரியாதவர்களுக்கு:

எஞ்சினியரிங் படிக்கும்போது நான், இசக்கி, செல்வம் மூன்று பேரும் பிட்காயின் மைனிங் (கம்ப்யூட்டரை இரவு பகலாகக் கணக்குப் போட வைத்துக் காயின் சம்பாதிப்பது) செய்தோம். குர்லாவில் வாங்கிய பழைய கிராஃபிக்ஸ் கார்டு. செல்வம் வீட்டு மாடி அறை. செல்வம் வீட்டு கரன்ட். சூடு தாங்காது என்று கார்டுக்கு நேராக செல்வம் வீட்டு டேபிள் ஃபேன்!

அந்த அறையில் மூன்று பேரும் பனியனோடு உட்கார்ந்து, ஒரே வடா பாவைப் பிய்த்துத் தின்றுகொண்டு, திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகு ஏசி ஆபீஸ்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒன்றுகூட அந்த அறை மாதிரி இல்லை.

கிடைத்தது ஒரு காயினில் சின்னத் துண்டு. அதற்கு வைத்த பாஸ்வேர்ட்தான் விசேஷம்.

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கத்துப் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று பேரிடம் மூன்று சாவி. மூவரும் நேரில் நின்றால்தான் பெட்டி திறக்கும். சாவியைக் கொடுத்தனுப்பும் வேலையே கிடையாது.

நாங்களும் அப்படியே செய்தோம். பாஸ்வேர்டில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவன் டைப் செய்யும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். (பொறியாளர்கள்!)

ஒரு நாள் செல்வம் ஃபேனைக் கழற்றிக் கீழே எடுத்துப் போய்விட்டான். கார்டு கருகிவிட்டது.

தெருவில் எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன். "ஒனக்கு டெக்னிக்கல் அறிவுன்னு ஏதாவது இருக்கா? போயி ஒங்கப்பா தையல் பட்டறையில மெஷின் மிதி."

அதோடு சரி. அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. பின்னால் குடும்பத்தோடு, ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் கல்யாணுக்குக் குடிபோய்விட்டான். காயினைப் பூட்டி வைத்த அந்த வாலட் ஃபைலை மட்டும் நான் லேப்டாப் லேப்டாப்பாக மாற்றிக் காப்பாற்றி வருகிறேன்.

சரி, இசக்கியின் குவாண்டத்துக்கு வருவோம்.

"அரே இசக்கி, இது வேற பூட்டு" என்றேன். "குவாண்டம் கம்ப்யூட்டர் பெருசா வந்தா, செலவழிக்கும்போது வெளிய தெரியிற பப்ளிக் கீய வச்சு, காச எடுக்கிற ரகசிய பிரைவேட் கீய கண்டுபிடிக்கலாம். அந்த பயம் நெசம். ஆனா இன்னிக்கு இருக்கிற மெஷின் அதுக்குப் பத்தாது. என்னிக்கு பத்தும்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

"அப்ப நம்மளுது?"

"நாம காயின் வந்த அந்த அட்ரஸ்ல இருந்து ஒரு தடவகூட செலவழிக்கல. அதனால நம்ம பப்ளிக் கீ வெளியவே வரல. மெஷினுக்கு ஆரம்பிக்கவே இடம் இல்ல. ஃபைல்ல இருக்கிற பாஸ்வேர்ட் பூட்டு இன்னொரு ஜாதி. நாம வச்ச நீளத்துக்கு அதையும் குவாண்டம் வந்து ஒடைக்காது."

இசக்கி காபியைக் கீழே வைத்தான்.

"அப்ப செல்வத்துக்கு போன் போடுறது ஈஸியா, குவாண்டம் கம்ப்யூட்டர் செய்யுறது ஈஸியால?"

எனக்கு இரண்டாவதுதான் ஈஸி!

இசக்கியே போனைப் போட்டு என் காதில் வைத்துவிட்டான்.

"செல்வம், நான் சுடல. ஒன் துண்டு ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தான்.

"இருக்கு. போன்ல சொல்ல மாட்டேன். சாவிய கொடுத்தனுப்புற வழக்கம் நமக்குக் கிடையாது. நேர்ல வா."

தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் வேறு! நின்று நின்று கல்யாண் போய்ச் சேர்ந்தோம்.

செல்வம் கதவைத் திறந்தான். தலையில் பாதி முடி இல்லை. சிரிக்கவும் இல்லை. மூன்று டம்ளர் டீ வைத்தான்.

"அந்த ஃபேன்..." என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"தங்கச்சிக்கு அன்னிக்கு நூத்திமூணு காய்ச்சல். வீட்டுல இருந்தது அந்த ஒரே ஃபேன்."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"ஏம்ல அன்னிக்கே சொல்லல?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. "தப்புதான்ல, மன்னிச்சிரு" என்றேன். இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு இத்தனை வருஷம் எடுத்திருக்கிறேன். அவன், "டீ ஆறுது, குடி" என்றான்.

லேப்டாப்பைத் திறந்தோம். ஒவ்வொருவனாக டைப் செய்தோம். மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம். செல்வத்தின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, மூணு பேரையும் பெஞ்சு மேல ஏத்தலயா?" என்றார்.

தவறான பாஸ்வேர்ட்!

யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசையை எவனும் எழுதி வைக்கவில்லை. (மறுபடியும், பொறியாளர்கள்!)

"நான்தாம்ல ஃபர்ஸ்ட்" என்றான் இசக்கி.

"நீ அன்னிக்கு லேட்டா வந்தல்ல!" என்றான் செல்வம்.

மூன்று துண்டை மாற்றி மாற்றிப் போட ஆறே வழிதான். ஐந்தாவதில் திறந்தது. மூவரும் கத்தியதில் பக்கத்து வீட்டு மராத்தி அம்மா "காய் ஜாலா?" (என்ன ஆச்சு?) என்று கேட்டு ஓடி வந்தார்.

விற்கவில்லை. இப்போதைக்குப் புது வாலட்டுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு. அதற்குப் புது பாஸ்வேர்ட் வேண்டும்.

"இந்தத் தடவ ஒரே பாஸ்வேர்டா வச்சிருவோம். மூணு பேருக்கும் தெரியட்டும். சிம்பிள்" என்றேன்.

செல்வம் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம்ல. மூணாவே இருக்கட்டும். ஒனக்கு முழுசும் தெரிஞ்சா, நீ திரும்ப கல்யாண் பக்கம் வருவியா?"