தூறலில் நிறுத்திய ஏற்றம்

அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவின் தம்பியாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். ஒரு விஷயத்தைச் சொல்ல மனம் அவசரப்படுகிறது. ஆனாலும் முறைப்படி பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா பிறந்தது ராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, பெண்ணைப் பத்திரமாக அனுப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் ஒரே வாரத்தில் கல்யாணம் முடித்து அத்திப்பட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மாமாவுக்குப் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை; வாரம் ஒருமுறைதான் வீடு. குத்தகை நிலம் முழுவதும் அக்காவின் தலையில்.

அது என்ன நிலம்! மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு துண்டு, நடுவில் ஒரு கிணறு, சுற்றிலும் உப்பளம். மழை முடிந்து இரண்டு மாதம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். பங்குனி பிறந்தால் உப்புக் கரித்து வாயில் வைக்க முடியாது. அந்தத் தண்ணீரை வைத்துத்தான் அக்கா வெள்ளாமை செய்தார். மழை மண்ணைக் கழுவிய கையோடு பச்சைப் பயறு விதைப்பார்; அது உப்பைத் தாங்காது. பயறு எடுத்ததும் கேழ்வரகு. நாற்றுக்கு மட்டும் ஏரித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றுவார். நட்டு வேர் பிடித்தபின் கிணற்றுக்கு மாற்றுவார். அறுவடை ஆனதும் வரப்பை உயர்த்தி, அடுத்த மழை உப்பைக் கழுவட்டும் என்று நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார். நான் கல்லூரியில் படித்த ரசாயனப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லை.

நிலத்துக்காரருக்குப் பொறுமை இல்லை. "இந்தப் போகம் கேவுரு வரலன்னா உப்பளத்துக்கு வுட்ருவேம்மா. உப்பு வெளையிற மண்ணுல நீ இன்னாத்துக்கு மல்லுக்கட்டினு கீற?" என்று களத்தில் வைத்தே சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சித்திரையில், மாமாவின் காலில் தண்டவாளக் கட்டை விழுந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். நான் விடுமுறைக்கு அங்கே வந்திருந்தேன். அக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டே சொன்னார்:

"தூறல் போட்டாலும் ஏத்தம் நிக்கக் கூடாதுடா. கொட்டித் தீத்துச்சின்னா நிறுத்திக்க. தூறலுக்கு நிறுத்தாத. தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது, நீ போக்கா."

ரயில் போய் ஒரு நாழிகைகூட ஆகியிருக்காது. வானம் கறுத்துத் தூற ஆரம்பித்தது. ஏற்ற மரத்தை மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன் மேலிருந்தபடியே சிரித்தார்.

"இன்னா தம்பி, மேலருந்து சாமி நல்ல தண்ணி வுடுது. நாம கீழருந்து உப்ப ஏத்திகினு கீறோம். பாத்தவன் சிரிப்பான்."

"அக்கா சொல்லிட்டுப் போயிருக்கே."

"காலேஜு படிக்கிறவன் நீ. நீயே சொல்லு நைனா, இன்னா செய்யலாம்?"

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு! மேல்பாதிக்குப் பாய்ந்து முடிந்திருந்தது. கீழ்ப்பாதிக்கு மடை திருப்ப வேண்டிய நேரம். நல்ல தண்ணீர் உப்பைக் கரைத்துவிடும், நிறுத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். கரைத்தது உண்மைதான். மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பையெல்லாம் கரைத்து வேர்வரை கொண்டுபோய் விட்டது. அதற்கும் கீழே தள்ள அந்தத் தூறலுக்கு வலு இல்லை. தள்ளுவதற்காகத்தான் ஏற்றம் நிற்கக் கூடாது என்று அக்கா சொன்னது. மூன்றாம் நாள் கீழ்ப்பாதியில் கேழ்வரகுத் தாள் நுனி வெளுத்தது. ஐந்தாம் நாள் சுருண்டது. மேல்பாதி பச்சையாக நின்றது.

அக்கா வந்து வரப்பில் நின்று இரண்டையும் பார்த்தார். பின்னாலேயே நிலத்துக்காரரும் மாமா வீட்டுப் பெரியவர்களும் வந்துவிட்டார்கள்.

"யாரு நிறுத்தச் சொன்னது? படிக்கிற தம்பியா?" என்றார் நிலத்துக்காரர்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"அவனுக்கு இன்னா தெரியும்? கரையில குந்திகினு புக்கு படிச்சிகினு இருந்தான். நான்தான் சொல்லிட்டுப் போனேன், தூறுச்சின்னா நிறுத்துங்கன்னு."

முனுசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

கீழ்ப்பாதி அந்த ஆண்டே உப்பளமாயிற்று. மேல்பாதி மட்டும் அக்காவிடம் தங்கியது. அன்று முதல் எந்த விசேஷத்திலும், "பாதி நிலத்தைக் கருக்கினவள்" என்ற பேச்சு அக்காவின் காதில் விழாமல் இருந்ததில்லை. அந்தப் பந்திகளில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போன ஆண்டு அக்கா மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "எல்லார்கிட்டயும் சொல்லிட்றேன்கா" என்றேன்.

"போடா, வேற வேலை இல்ல உனக்கு. ஒண்ணும் சொல்லக் கூடாது. மேல்பாதிக்குத் தண்ணி பாஞ்சிதா, அதப் போய்ப் பாரு."

மூன்றே நாளில் அக்கா நம்மை விட்டுப் போய்விட்டார்.

கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த திருவொற்றியூர்ச் சித்திக்கும், தாங்கித் தாங்கி நடந்தாலும் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்கு வரத் தவறாத மாமாவுக்கும், ஓராண்டாக மேல்பாதியைக் காத்துவரும் முனுசாமி அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவைக் குறைசொன்ன பெரியவர்களும் இதை வாசிக்கிறீர்கள். கீழ்ப்பாதியைக் கருக்கியது அக்கா அல்ல, நான். இனிமேல் அந்தப் பேச்சை என்னிடம் பேசுங்கள். அக்காவின் சொல்லை மீறி நான் செய்யும் இரண்டாவது காரியம் இது.