டார்லீனின் பேய்வீடு

நிலையோடு பெயர்த்து வைத்த கதவுகளை டார்லீன் ஹுடாக் ஒவ்வொன்றாகத் திறந்து, காதைக் கிட்டே கொண்டுபோய், மெல்ல மூடிப் பார்க்கிறாள். இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் கடை அது.

“இது முனகுது. இது சும்மா இருமுது. எனக்கு அழுவுற கதவு வேணும்.”

“அந்த ஓரத்துக் கதவு ரொம்பச் சத்தம் போடும்மா. வேணும்னா எண்ணெய் போட்டுத் தர்றேன்” என்கிறார் கடைக்காரர்.

“எண்ணெயை மட்டும் கையில எடுத்தீங்க, உங்களையும் சேர்த்து வண்டியில ஏத்திட்டுப் போயிடுவேன்.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் கடைக்காரர் எண்ணெய்ப் புட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

குள்ளமான, உருண்டையான உருவம். கழுத்தில் மணிக்கயிற்றில் தொங்கும் கண்ணாடி. முயல்குட்டி பின்னிய கம்பளிச் சட்டை. பயங்கரப் படம் எதுவும் பார்க்க மாட்டாள். சமையல் நிகழ்ச்சிகள்தான் பிடிக்கும். நாய்த் தீனி விளம்பரத்துக்குக் கண் கலங்குவாள். ஆனால் சாவு வீட்டுக்குக் கூட்டிப்போனால் நமக்கு மானம் போகும். போன வருஷம் தேவாலயத்தில் எல்லோரும் குனிந்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது என் காதில் கிசுகிசுத்தாள்: “சவப்பெட்டியோட கைப்பிடியைப் பாரேன். எங்க வாங்கினாங்கன்னு கேட்டா தப்பா எடுத்துப்பாங்களா?”

பகலில் நான் எங்கள் ஊர் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். அக்டோபர் மாலைகளில் டார்லீனின் சவப்பெட்டியில் படுத்திருப்பவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் அவளுடைய பேய்வீடு அவள் வீட்டுக் கார் கொட்டகைதான். பேய் வேடம் போடும் ஹாலோவீன் பண்டிகை வந்துவிட்டால் காரை வெளியே தள்ளிவிட்டு, கறுப்புத் துணி கட்டி, உள்ளே ஒரு நரகம் செய்வாள். ரத்தத்தை அவளே காய்ச்சுவாள்: சோளப்பாகு, கோகோ, சிவப்புச் சாயம். விரலால் தொட்டு நாக்கில் வைத்து, குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல் யோசிப்பாள். “இன்னும் கொஞ்சம் பழைய ரத்தமா இருக்கணும்” என்று கோகோவைத் தூவுவாள். புருஷன் வெர்ன் குழாய் வேலைக்காரர். சுவரிலிருந்து ரத்தம் வழியும்படி பம்பு வைத்துக் கொடுத்தார். பம்பை ஓடவிட்டுச் சோதித்தபோது மயங்கி விழுந்தவரும் அவர்தான்.

ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் அவளுக்கு அத்துப்படி. காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்தே எவனுக்கு நாய் பயம், எவளுக்குக் கடைசியாக இறங்கப் பயம் என்று தெரிந்து வைத்திருந்தாள். கொட்டகைக்குள் ஆளுக்கு ஏற்ற பயம் கிடைத்தது. ஒரு பையனுக்காக எல்லா விளக்கையும் சத்தத்தையும் நிறுத்தச் சொன்னாள். “அவனுக்குப் பேயே வேண்டாம். அமைதியா விட்டாலே அலறுவான்.” அலறினான்.

பிறகு பக்கத்து ஊர்க்காரர்களும் வர, வரிசை தேவாலய முனை வரை போனது. தெருவில் கார் நகர இடமில்லை. நகரசபை கறாராகச் சொல்லிவிட்டது: இதை நிறுத்து, இல்லாவிட்டால் வேறு இடத்தில் தொழிலாக, முறைப்படி நடத்து. டார்லீன் பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூடிக் கிடந்த, பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கூடத்தை வாடகைக்குப் பிடித்தாள்.

காப்பீட்டுக்காரர் தொலைபேசியில் கேட்டார்: “உங்க ஆளுங்களுக்கு என்ன வேலை?”

“பெரும்பாலும் சாவாங்க.”

“அப்புறம்?”

“அடுத்த கூட்டம் வந்ததும் மறுபடி சாவாங்க.”

தீயணைப்பு அதிகாரி அறைக்கு அறை வெளியேறும் வழி வேண்டும், அதன் மேலே விளக்கு எரிய வேண்டும் என்றார். டார்லீன் இடுப்பில் கை வைத்தாள். “இருட்டுதாங்க என் சரக்கு. அதுல விளக்கு வைக்கச் சொல்றீங்களே.”

“பயந்தவன் ஓட வழி வேணும்ல?”

“அவன் ஓடணும்னுதானே நான் இவ்வளவு பாடுபடறேன்.”

சொன்னாளே தவிர, எல்லா வழிகளையும் வைத்தாள். விளக்குகளையும் வைத்தாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை எரியவிட்டுப் பார்த்தவளும் அவள்தான்.

திறப்பு நாள் வந்தது. பிட்ஸ்பர்க்கிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்து, கும்பலாகச் சிரித்தார்கள். ரத்தச் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் சவப்பெட்டியிலிருந்து எழுந்து உறுமினேன். ஒருவன் என் கன்னத்தில் தட்டி, “தூங்குங்க தாத்தா” என்று மறுபடி படுக்க வைத்தான்.

கூட்டம் போனபின் டார்லீனைத் தேடினால், பௌலிங் ஆட வந்தவர்களுக்குச் செருப்பு வாடகைக்கு விட்ட பழைய மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“உன் கன்னத்தைக் கிள்ளினானாமே?”

“கிள்ளலை. தட்டிக் குடுத்தான்.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவள் சொன்னாள்: “பஸ்ஸையும் விட்டுட்டேன். இதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இவங்க யாருன்னே எனக்குத் தெரியலை. யாருன்னே தெரியாதவங்களை எப்படிப் பயமுறுத்துறது?”

கேட்ட கேள்வியிலேயே ஏதோ அகப்பட்டதுபோல் திறந்த வாய் திறந்தபடி நின்றது. பிறகு, “நாளைக்கு டோனட் வாங்கணும்” என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் மாலை டோனட் தட்டோடும் சூடான ஆப்பிள் சாறோடும் வரிசையில் நடந்தாள். முயல்குட்டிச் சட்டை போட்ட பெண்மணியை யார் சந்தேகிப்பார்கள்? “எடுத்துக்கோ கண்ணு. பேரென்ன? எங்கேருந்து வர்றே? வீட்ல சொல்லிட்டு வந்தியா?” நனைந்த கோழிபோல் குளிரில் நின்றவர்கள் வாயில் டோனட்டோடு குலம் கோத்திரம் வரை கொட்டினார்கள். டார்லீன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மூலைக்குப் போய்ச் சட்டைப் பையிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தாள்.

சவப்பெட்டியில் என் காதோரம் அவள் குரல் கேட்டது. “சிவப்புத் தொப்பி. பேரு கைல். படிக்கப் போறேன்னு அம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு வந்திருக்கான்.”

சிவப்புத் தொப்பி சிரித்துக்கொண்டே வந்தது. நான் எழவில்லை, உறுமவில்லை. கண்ணை மட்டும் திறந்தேன்.

“கைல்,” என்றேன். “படிச்சிட்டியா?”

மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அவன் ஒரு காலணியோடு ஓடினான். மற்றது என் பெட்டிக்குள் கிடந்தது. ரத்தச் சுவர் அறையில் யாரோ, “ஸ்டெஃபனி, அந்த மோதிரத்தை எங்கே தொலைச்சே?” என்பது கேட்டது. அடுத்த நொடி ஸ்டெஃபனியின் அலறலும் கேட்டது, மிக நன்றாகவே கேட்டது. வெர்ன் பம்பு அறையிலிருந்து ஓடிவந்து, “யாருக்காவது நிஜமாவே அடிபட்டுருச்சா?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை கைல் மறுபடி வந்தான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு. என் பெட்டியருகே நெஞ்சை நிமிர்த்தி நின்றான். “அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப என்ன பண்ணுவே?”

வாக்கி டாக்கி ஏற்கெனவே பேசியிருந்தது. நான் அவனைப் பார்க்கவே இல்லை.

“ஜோன்,” என்றேன். “அடுப்பை அணைச்சியா?”

மகனைவிடத் தாய் வேகமாக ஓடினாள்.

இப்போது வரிசை பழைய பெட்ரோல் நிலையத்தையும் தாண்டி நிற்கிறது. கதவு திறக்கும்வரை வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோனட். கடைசிக் கூட்டம் உள்ளே போய்விட்டால் டார்லீன் வெளிவாசலுக்கு வந்துவிடுவாள். நேற்று அங்கே நின்று வெர்னிடம் ரத்தப் பற்றாக்குறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். “நாளைக்கு இன்னும் ரெண்டு குடம் வேணும், இந்தப் பம்பு ரொம்பக் குடிக்குது.” கதவை உடைக்காத குறையாக ஒருவன் வெளியே வந்து விழுந்தான். தாடி, கழுத்து வரை பச்சை குத்திய பாம்பு, லாரி ஓட்டுகிற தோள். எழுந்து நின்றான். மேல்சட்டை ஜிப் போடாமல் திறந்து கிடக்க, குளிர்காற்று நெஞ்சில் அடித்தது. டார்லீன் வெர்னோடு பேச்சை நிறுத்தவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை. கையை நீட்டி, அவன் சட்டையின் ஜிப்பைக் கீழே கோத்து, தாடி சிக்காமல் மோவாய் வரை இழுத்துவிட்டு, மார்பில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினாள்.