கடைசிப் பெட்டியில் ஒரு டிரைவர்

வள்ளூரில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீசில் அக்காவுக்கு வேலை கிடைத்தபோது எல்லோரையும்விட அதிகம் சந்தோஷத்தில் குதித்தது நான்தான். எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டியில் காலை லோக்கல் ரயிலைப் பிடித்தால் போதும். அதைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அக்காவின் நாலு வயது மகள் அவள் துப்பட்டாவை விடவே மாட்டாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் வண்டி போய்விடும். இனியும் லேட்டானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு ஐடியாக்களுக்கா பஞ்சம்? ஒரு ரயில் படப்புத்தகம் வாங்கி வந்தேன். சிவப்பு இன்ஜின் மலையேறும், பாலம் தாண்டும், கடைசிப் பக்கத்தில் குகைக்குள் நுழைந்துவிடும். ஹாரன், டீக்காரர், டிக்கெட் பரிசோதகர் எல்லாம் நானே. குழந்தை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா பின்வாசல் வழியாக நழுவிவிட வேண்டும். அதுதான் திட்டம்.

முதல் நாள் பிரமாதமாக நடந்தது. மறுநாள் குழந்தை கடைசிப் பக்கத்தைத் திருப்ப விடாமல் புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்து கத்தினாள். வண்டி போய்விட்டது. ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி, இதுதான் கடைசி என்று அக்கா தப்பித்தாள்.

"இன்னாடி புக்கு வாங்கியாந்த? முன்னல்லாம் நான் கெளம்புனாதான் அழுவா. இப்ப புக்கைத் தொறந்தாலே அழுவுறா!" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தால், புத்தகத்து ரயிலின் கடைசிப் பெட்டி ஜன்னலில் நீல கிரேயானால் மீசை வைத்த ஒரு முகம்.

"ஏய், புக்குல கிறுக்கலாமா?"

"கிறுக்கல சித்தி. டிரைவரு."

"டிரைவர் முன்னாடிதானே இருப்பாரு?"

"இங்கயும் ஏறிக்குவாரு. அப்பதான் வண்டி திரும்பி வரும்." சொல்லிவிட்டு, குகையிலிருந்து பாலத்துக்கும் பாலத்திலிருந்து மலைக்கும் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினாள்.

எங்கள் ஊர் லோக்கலுக்கு இரண்டு முனையிலும் டிரைவர் அறை உண்டு. கும்மிடிப்பூண்டியோடு ஓட்டம் முடிந்ததும் டிரைவர் இறங்கி, பையோடு பிளாட்ஃபாரத்தில் நடந்து மறுமுனையில் ஏறிக்கொள்வார். வந்த வண்டியே திரும்பிப் போகும். அவள் பார்த்த ரயில் அதுதான். நான் காட்டிய ரயிலோ குகைக்குள் போனது போனதுதான். அது உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தால் அம்மாவும் இல்லை. அழாமல் என்ன செய்வாள்?

நழுவுகிற வேலையே வேண்டாம், ஸ்டேஷனுக்கே கூட்டிப்போவோம் என்றேன். அக்கா நடுங்கினாள். "அங்க வந்து ஆர்ப்பாட்டம் பண்ணா என் வேலை போச்சு, சொல்லிட்டேன்!"

திங்கட்கிழமை மூவரும் சீக்கிரமே போனோம். வந்து நின்ற வண்டியிலிருந்து டிரைவர் இறங்கி எங்களைத் தாண்டி நடந்தார். குழந்தை என் கையை இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். அவர் மறுமுனையில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் அக்காவிடம் திரும்பி வந்தாள்.

"அம்மா இதுல போயி, சாயங்காலம் இதே மாதிரி வந்துடுவேன், சரியா?" என்றாள் அக்கா. குழந்தையின் உதடு பிதுங்கியது. ஆனாலும் துப்பட்டாவை விட்டாள்.

வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "ஏய், அந்த டிரைவருக்கு டாட்டா காட்டுறா, பெத்தவ எனக்குக் காட்டலையேடி!"

போனைக் குழந்தையிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அடுத்த வண்டியும் பாத்துட்டுப் போலாமா சித்தி?"