கல்லுக்கு முன்னால் கூட்டியவர்

எங்கள் எஸ்டேட்டின் கடைசி வெள்ளைக்காரத் துரை அவருடைய ஊரில் துப்புரவு வேலை பார்த்தவர் என்று பத்து வயதுவரை நான் உறுதியாக நம்பினேன். நான் மட்டுமல்ல, பொன்முடிப் பாதையில் இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட் முழுவதும் நம்பியது. பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் அரசு அலுவலராகத் துறை விசாரணைகள் நடத்தியே நரைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சாட்சியத்தில் குறையே கிடையாது. பங்களா ஹாலில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. உறைந்த ஏரியின்மேல் நான்கு பேர், ஆளுக்கொரு விளக்குமாறு, நடுவில் பெரிய வெள்ளிக் கோப்பை. சமையல்காரர் துரையிடமே கேட்டிருக்கிறார். "அண்ணன் கல் விடும். நான் முன்னாலே கூட்டும். நாட்டுக்கே முதல் பரிசு" என்று துரை பெருமையாகச் சொன்னாராம். கூட்டியதற்குக் கோப்பை கொடுக்கும் தேசத்தை நினைத்து ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வெகுநாள் சிரித்தது.

அப்பா அங்கே ஹெட் கிளார்க்; துரைக்கு அவர் 'பிள்ளை'. நாஞ்சில் நாட்டிலிருந்து மலையேறிய குடும்பம். அவர் சிரிக்கவில்லை, சங்கடப்பட்டார். அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது விளக்குமாறு கண்ணில் படக் கூடாது. அம்மா அதை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்புவார். அரசாங்கத்தில்கூட இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றப்பட்ட நடைமுறையை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் தினமும் ஒரு 'கூட்டுகிறவரிடம்' கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

பிறகு துரை அவரை உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். அது ஒரு விளையாட்டு. எடைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்ததுபோல் ஒரு வட்டக் கருங்கல்; அதைப் பனித்தரையில் சறுக்கிவிட்டு, தூரத்தில் வரைந்த வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். கல்லுக்கு முன்னால் குனிந்து தேய்த்துக்கொண்டே ஓடினால், நிற்கப் போகும் கல்லும் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அண்ணனும் தம்பியும் ஊர் ஏரியில் தொடங்கி, ஜில்லா, ஸ்காட்லாந்து என்று படிப்படியாக ஏறியவர்கள். இரண்டு முறை இறுதி ஆட்டத்தில் தோற்று, மூன்றாம் முறை ஜெயித்தார்கள். எல்லா ஆட்டத்திலும் கடைசிக் கல் அண்ணனுடையது. தம்பி ஒரு முறைகூடக் கடைசிக் கல்லை விட்டதில்லை. முழங்கால் போன பிறகு தம்பி தேயிலைக்கு வந்துவிட்டார். வரும்போது அண்ணன் ஒரு கல்லைக் கொடுத்து அனுப்பினார். அது பங்களாக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை விதுரா தபாலாபீசிலிருந்து துரைக்கு ஒரு தந்தி வந்தது. ஸ்காட்லாந்தில் அவர் அண்ணன் இறந்துவிட்டார், மறுநாள் அடக்கம். அந்தக் காலத்தில் அங்கே போய்ச் சேர வழியே இல்லை. தந்தியைத் துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை தேயிலை ஃபேக்டரியைக் கழுவும் நாள். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பெண்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ்காரர்கள் துக்கம் கேட்கப் போனபோது துரை பங்களாவில் இல்லை; அந்தக் கல்லை ஆள் வைத்துச் சுமக்கச் சொல்லி ஃபேக்டரிக்கு வந்திருந்தார். அப்பாவின் பின்னாலேயே நானும் ஓடினேன். தேயிலைப் பெட்டிகள் உரசி உரசி வழவழத்துப் போன சிமெண்ட் தரையின் கடைசியில், சுவரோரம், சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போட்டிருந்தது. அண்ணனைப் புதைக்கும் நேரத்தில் அவருக்காக ஒரு கல் விட வேண்டும், அவ்வளவுதான் துரைக்கு. ஒரே ஒரு கல். கல்லுக்கு முன்னால் யாராவது கூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஃபீல்ட் ஆபீசர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். கழுவுகிற பெண்கள் துரையின் கல்லுக்குக் குறுக்கே போகப் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

துரை ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அது மடங்கிய வேதனை முகத்தில் தெரிந்தது. கல்லை விட்டார். முதலில் வேகமாகத்தான் போனது. பாதியைத் தாண்டியதும் தளர்ந்தது. துரை எழுந்திருக்க முயன்றார், கால் வரவில்லை. தரையில் கையூன்றியபடியே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி, கல்லுக்கு முன்னால் குனிந்து, சோப்பு நுரையைத் தள்ளிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். அத்தனை பேர் பார்க்க. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கல் ஊர்ந்து ஊர்ந்து போய் வட்டத்தின் விளிம்பில் நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே.

"உள்ளேன்னு எடுத்துக்கிடலாமா சார்?" என்று அப்பா மூச்சு வாங்கக் கேட்டார்.

"தொட்டா போதும், பிள்ளை" என்றார் துரை.

திரும்பும் வழியில் ஸ்டோர்கீப்பர், "அண்ணாச்சி, நாளைக்கு ஆபீஸ் கூட்டுகது நீங்களாக்கும்?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் இருமிக்கொண்டார்கள். அந்தக் கேலி நாங்கள் எஸ்டேட்டை விட்டு மலையிறங்கும்வரை ஓயவில்லை.

அன்று எங்களுக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. "வாரியலையா பிடிச்சிய? அத்தன பேருக்கு முன்னால?" என்று அம்மா வாசலிலேயே கேட்டாள். அப்பா வீட்டுக்குள் நுழையாமல், போட்ட சட்டையோடு, கட்டிய வேட்டியோடு, பின்பக்கக் குழாயடிக்குப் போனார். அந்தக் குளிரில் யாரும் பச்சைத் தண்ணீரில் குளிப்பதில்லை. அம்மா வெந்நீர்ப் பானையைத் தூக்கப் போனாள்.

"வெந்நீர் வேண்டாம்" என்றார் அப்பா.

அம்மா பானையை வைத்துவிட்டாள். அன்று சமையலில் தாளிப்பும் இல்லை, அப்பளமும் இல்லை. விளக்குமாற்றைத் தொட்ட தீட்டுக்குத்தான் இத்தனையும் என்று நான் தீர்மானித்தேன். இனி அவர் அதைத் தொடவே கூடாது என்று வேண்டிக்கொண்டு, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துப் போய் விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

சில வருடங்கள் கழித்து நாகர்கோவிலில் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், இறந்த செய்தி வந்தது. அன்றும் அப்பா போட்ட சட்டையோடு குழாயடிக்குப் போனார். அம்மா வெந்நீர்ப் பானையின் பக்கமே போகவில்லை.