தலைமாட்டில் வைத்த முட்செடி

எங்கள் மகள் நாற்பது நாள்தான் இருந்தாள். அப்போது என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்தார். பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. எழுபதுகளில் தூத்துக்குடியில் இது அதிசயமில்லை. தந்தி போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும்.

பிறகு வந்த கடிதத்தில் ஒரு பொட்டலம் விதை இருந்தது. ஏதோ துறைமுகத்துத் தோட்டக்காரரிடம் வாங்கினாராம். முட்செடிதான், ஆனால் நீலமாகப் பந்து பந்தாய்ப் பூக்கும், வருஷா வருஷம் அதே வேரிலிருந்து தழைக்கும், பிள்ளை தலைமாட்டில் போடு, விளையாடட்டும் என்று எழுதியிருந்தார். ஆணிவேர் ஆழமாகப் போகுமாம். பிடுங்கி நட்டால் பிழைக்காதாம்.

அவர் அம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, கடிதங்களை வாசித்துக் காட்டுவது நான்தான். அந்தப் பகுதியை மட்டும் விழுங்கிவிட்டேன். அது எனக்கு மட்டும் எழுதியதாக இருக்கட்டுமே என்ற அற்பப் பிடிவாதம்.

ஐப்பசி மழையில் கல்லறையில் விதைத்தேன். மூன்று முளைத்து ஒன்று தங்கியது. அவருக்கும் எழுதவில்லை, வந்து தானே பார்க்கட்டும் என்றிருந்தேன். செல்லம் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினால் அழுகிப்போகும் செடி அது. எங்கள் மணலும் உப்புக்காற்றும் அதற்குப் பிடித்துப்போனது. ஒரு வருஷம் வெறும் இலை, இலை முழுக்க முள். ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பார்ப்பேன். குத்து வாங்காமல் திரும்பியதில்லை. அடுத்த ஐப்பசியில் தண்டு எழும்பி, நுனியில் கொட்டைப்பாக்கு அளவில் பச்சை உருண்டை ஒன்று வந்தது. கல்லறைத் திருநாளுக்கு வந்துவிடுவேன் என்று அவர் கடிதமும் வந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் எல்லாரும் கல்லறையில் களை பிடுங்கி, வெள்ளையடித்து, புது மணல் பரப்புவார்கள். முழங்கால் வலிக்கார மாமி வருஷத்தில் அந்த ஒருநாள்தான் அங்கே வருவார். அன்று எனக்கு முன்னே மண்வெட்டியோடு போய்விட்டார். நான் போனபோது செடி மதிலோரம் கிடந்தது, வேர் பாதியில் அறுந்து.

"பச்சப்புள்ள தலமாட்டுல முள்ளு மண்டிக் கெடக்கு, இத்தன நாளும் நீ பாக்கலியா, ஏளா?" என்றார். அவர் கையெல்லாம் ரத்தம்.  யாரைத் திட்டுவது? சொல்லாமல் வைத்தவள் நான்தானே.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் வந்தார். மூவரும் கல்லறைக்குப் போனோம். மாமி மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார். "அந்த வித முளைச்சுதா?"

மாமியைப் பார்த்தேன். "முளைக்கவே இல்ல," என்றேன்.

"அவளுக்குன்னு நான் அனுப்புனது அது ஒண்ணுதான். அதையும் சொத்தையா அனுப்பிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். பிள்ளையை நினைத்து அழுகிறான் என்று மாமி முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் குனிந்து, மாமி விட்ட மெழுகுவர்த்தியை ஏற்றினேன்.